விளக்குக்காரரின் இடது கண்

கடலூர் கோர்ட்டில் என் வேலை நகலை அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. யாராவது தீர்ப்பின் நகல் கேட்டு மனுப் போட்டால், டைப் அடித்து வந்ததை வரி வரியாகச் சரிபார்த்து, அசலும் நகலும் ஒன்றுதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் என் கண்ணில் பட்டுவிடும். பட்டால் சும்மாவும் இருக்க மாட்டேன். டைப் அடிக்கிற அம்மா என் மேஜைக்கு வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்.

இதே கண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் இன்னொரு வேலையும் பார்க்கிறேன். பொம்மை பார்ப்பது. கார்ட்டூனில் வந்த பாத்திரங்களை, உரிமை வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனிகள் அச்சு அசலாகச் செய்து விற்கின்றன. விளையாட அல்ல, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்க. சேர்க்கிறவர்கள் அதை ஃபிகர் என்பார்கள். ஆபீஸில் அந்த வார்த்தையைச் சொன்னால் வேறு மாதிரி சிரிப்பார்கள் என்பதால் நான் பொம்மை என்றே சொல்லிக்கொள்வேன். நாற்பத்தைந்து வயதில் பொம்மை என்று சொன்னாலும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரே ஒரு கூட்டாளி. பரங்கிப்பேட்டைக்காரன். சிதம்பரத்தில் படித்தபோது ஹாஸ்டலில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. இப்போது வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். அங்கே ஆறு பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். பொம்மை வைக்க இடமேது? ஊர் வீட்டில் மூன்று பிள்ளைகள். பெட்டி அங்கே போனால் அரை நாள்கூடத் தாங்காது. அதனால் அவன் வாங்குவதெல்லாம் செம்மண்டலத்தில் என் வீட்டுக்குத்தான் வரும்.

எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவோம், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வந்ததும் வீடியோ காலில் அவனை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிப்பேன். ஜன்னல் ஓரமாக மேஜையில் நிற்க வைத்து, லென்ஸ் பிடித்து, கண், உதடு, விரல், பொருத்து எல்லாம் பார்ப்பேன். ஒரே அச்சில் வந்த இரண்டு பொம்மைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றில் பெயிண்ட் கோட்டைத் தாண்டியிருக்கும், இன்னொன்றில் கால் தளர்ந்திருக்கும். இரண்டில் எது நல்லதோ அதை அவன் பெட்டியில் வைத்துப் புது டேப் ஒட்டிவிடுவேன். பதினொரு வருடமாக அப்படித்தான். தொட்டுப் பார்க்க முடியாதவனுக்கு நல்லது போகட்டும் என்பது ஒரு காரணம். அப்படிக் கொடுக்கிறவன் நான் என்ற கர்வம் இன்னொரு காரணம். உண்மையில் இரண்டாவதுதான் பெரிது.

"கட்டின பொண்டாட்டி மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்பாள் என் மனைவி.

"பாத்தா குத்தம் சொல்லுவேன், வேணாம்."

"சொல்லித்தான் பாருங்களேன்" என்று கரண்டியோடு நிற்பாள்.

பார்க்கும்போதே நண்பனுக்குப் பாடமும் எடுப்பேன். ஒன்றை அவன் மறக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். பெயிண்ட் அடித்து, கண்ணை அச்சிட்டு முடித்த பிறகு, கடைசியாக முகத்தின்மேல் மங்கலான ஒரு பூச்சுப் பூசுவார்கள். பிளாஸ்டிக்கின் பளபளப்பு போய்த் தோல் போலத் தெரிவது அதனால்தான். தப்பு அந்தப் பூச்சுக்குக் கீழே இருந்தால் ஃபேக்டரியில் நடந்தது. பூச்சே போயிருந்தால் பிறகு யாரோ செய்தது. விற்றவரோடு சண்டை போட வேண்டுமானால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அவன் நல்ல மாணவன். சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

நாங்கள் உண்மையில் காத்திருந்தது ஒரே ஒரு பொம்மைக்குத்தான். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு வெளிநாட்டு கார்ட்டூன் வந்தது. கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஒரு கிழவர், ராத்திரி கடலுக்குள் இறங்கி, வழி தப்பிய கப்பல்களை லாந்தர் காட்டிக் கூட்டிவருவார். பாஷை புரியாது. நாங்களாக வைத்த பெயர் விளக்குக்காரர். நான் இங்கேயும் அவன் பரங்கிப்பேட்டையிலும் தனித்தனியாக வைத்த பெயர் ஒன்றாகவே இருந்ததை ஹாஸ்டலில் கண்டுபிடித்த அன்றுதான் சிநேகிதம் ஆனோம்.

அவரைப் பொம்மையாகச் செய்யப் போவதாக ஒரு கம்பெனி அறிவித்தது. மாதிரியின் படம் வந்த அன்றே முன்பதிவு செய்தோம். அடுத்த வருடம் என்றார்கள். பிறகு அதற்கடுத்த வருடம் என்றார்கள். அச்சில் கோளாறு, கப்பல் தாமதம் என்று சாக்குச் சொல்லியே ஐந்து வருடம் ஓட்டினார்கள். அதற்குள் அவன் உம்மா இறந்துபோனார். எனக்குத் தலை நரைத்தது. ஒவ்வொரு தடவை தள்ளிப்போட்டபோதும், "வரும் மச்சான், இன்ஷா அல்லாஹ் வரும்" என்று அவன்தான் எனக்குத் தைரியம் சொன்னான்.

கடைசியில் ஒரு மத்தியானம் இரண்டு பெட்டிகளும் வந்துவிட்டன. அன்றைக்கு அவனுக்கு ஷிஃப்ட். கூப்பிட்டால் எடுக்க மாட்டான். சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை.

முதல் பெட்டியைப் பிரித்தேன். தாடியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. கோட்டின் மடிப்பில் உப்புப் படிந்த வெள்ளைகூட இருந்தது. ஆனால் இடது கண்ணின் கருவிழியை வெளிப்பக்கமாகத் தள்ளி அச்சிட்டிருந்தார்கள். ஒரு மயிரிழைதான். ஆனால் முகத்தில் மயிரிழை என்பது மைல் கணக்கு. கப்பலைத் தேட வேண்டிய மனிதர் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது பெட்டியைப் பிரித்தேன். அதில் அவர் நேராக என்னைப் பார்த்தார். ஏழு வயதில் இருட்டு என்றால் எனக்கு அவ்வளவு பயம். இந்தக் கிழவர் லாந்தரைத் தூக்கியதும் அந்தப் பயம் போய்விடும். அதே பார்வை. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. இது எனக்கு வேண்டும் என்று தோன்றியது. பதினொரு வருடம் கொடுத்தாயிற்று, ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டால் என்ன என்று நியாயமும் தோன்றியது. ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது, மாறுகண் பொம்மையை ஒரு தடவை காட்டினேன். பிறகு போனைக் கீழே வைத்து, பெட்டியைக் கரகரவென்று சத்தம் வரும்படி நகர்த்திவிட்டு, அதே பொம்மையை மறுபடியும் காட்டினேன்.

"ரெண்டுலயும் இடது கண்ணு லேசா தள்ளியிருக்குடா. பெருசா தெரியாது."

"பரவால்ல மச்சான். வந்துச்சே, அதுவே அல்ஹம்துலில்லாஹ். நல்லதா பாத்து வை."

வைத்தேன். என் பெட்டியில்.

நான்கு மாதம் கழித்து அவன் லீவில் வந்தான். ஊருக்கு வந்தால் நாங்கள் சிதம்பரத்தில் ஒரு பல் டாக்டர் க்ளினிக்கில் சந்திப்பது வழக்கம். அவர் சேர்ப்பது கார் பொம்மைகள். ஆனாலும் எங்கள் பொம்மைகளுக்கும் அவர்தான் நடுவர். மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில், பல் பிடுங்கும் நாற்காலியின் தட்டில் பொம்மையை நிற்க வைத்து, தலைக்கு மேலிருக்கும் விளக்கைத் திருப்புவார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைத் தாடைக்குக் கீழே நீட்டுவார். அந்த வெளிச்சத்தில் எந்தக் குறையும் ஒளிய முடியாது.

அந்தச் சனிக்கிழமை அவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கிளம்புமுன் அலமாரி முன்னால் நின்றேன். அப்போதுகூட மாற்றி எடுத்துப் போயிருக்கலாம். மாற்றவில்லை. அவனுக்கு என் கண் கிடையாது, கண்டுபிடிக்க மாட்டான் என்று பஸ் ஆலப்பாக்கம் போகும் வரை நினைத்துக்கொண்டேன். டாக்டர் கண்டுபிடித்துவிடுவாரே என்று அதற்கப்புறம் நினைத்துக்கொண்டேன்.

அவன் பைக்கில் வந்திருந்தான். கட்டிப் பிடித்தான். டேப்பை நகத்தால் கிழித்து, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பொம்மையை எடுத்துத் தட்டில் வைத்தான். டாக்டர் விளக்கைத் திருப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இடது கண்ணு வெளிய பாக்குதே. மாத்திக் கேக்கலியா?"

"ரெண்டுமே அப்படித்தான் வந்துச்சு டாக்டர்" என்றான் அவன். பிறகு என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் சட்டென்று ஒரு வருத்தம் வந்தது. "இவன் எப்பவும் ரெண்டுல நல்லத எனக்குத்தான் வெப்பான். இதுதான் நல்லதுன்னா, இவன்கிட்ட இருக்கறது இதவிட மோசமால்ல இருக்கும்?"

நான் காலிப் பெட்டியை எடுத்து மூட ஆரம்பித்தேன்.

"ஏன்டா சொல்லல? நாளைக்கு வீட்டுக்கு வரேன். ரொம்ப மோசம்னா இத நீ வெச்சுக்கோ. அஞ்சு வருஷம் நீயுந்தானே காத்திருந்த."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. டாக்டர் எங்களுக்காக டீ வாங்கிவரச் சொல்லியிருந்தார். டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை, அவன் சாப்பிட வருகிறான் என்று என் மனைவி முதுநகருக்கு மீன் வாங்கப் போனாள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அவளுடைய நகப் பாலிஷ் அழிக்கிற மருந்தும், காது குடைகிற பஞ்சுக் குச்சியும் எடுத்துக்கொண்டேன். என்னுடையது அவனுடையதைவிட மோசமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று காலை எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. வலது புருவத்தில் தடவினேன். கறுப்பு கரைந்து நெற்றியில் இழுபட்டது. மீசையில் தடவினேன். உதட்டோரம் சாம்பல் நிறமாகக் கலங்கியது. அப்புறம் கண்ணுக்குக் கொண்டுபோனேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கை வரவில்லை. இது போதும் என்று குச்சியைத் தூர எறிந்துவிட்டு, வாசனை போக ஃபேனை வேகமாக வைத்தேன்.

பத்து மணிக்கு வந்தான். நேராக அலமாரிக்குத்தான் போனான்.

"அட, உனக்குப் போயா இப்படி வரணும்" என்று உண்மையாகவே பதறினான். பிறகு பொம்மையை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனான். என் லென்ஸையே எடுத்துக்கொண்டான். நான் பிடிப்பது போலவே பிடித்தான். முகத்தை வெளிச்சத்தில் இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். பூச்சு போன இடம் எண்ணெய் பட்டது மாதிரி பளபளத்தது. எனக்கே தூரத்திலிருந்து தெரிந்தது.

"பூச்சு போயிருக்கு மச்சான்" என்றான் மெதுவாக. லென்ஸைக் கண்களுக்கு நகர்த்தி, "கண்ணு ரெண்டும் நேராத்தான் இருக்கு" என்றான்.

பொம்மையை இருந்த இடத்திலேயே, இருந்த திசையிலேயே வைத்தான். லென்ஸைத் துடைத்து மேஜையில் வைத்தான். மீன் குழம்பு சாப்பிட்டான். "சூப்பரா இருக்கு தங்கச்சி" என்று என் மனைவியிடம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான். பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசினான். நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

வாசலில் பைக்கை எடுக்கும்போதுதான் கேட்டான். கோபமே இல்லை. ஒரு சந்தேகம் கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

"இத்தன வருஷமா நல்லது எனக்குத்தான் வந்துச்சா மச்சான்?"

"சத்தியமாடா. இது ஒண்ணுதான். இது ஒண்ணே ஒண்ணுதான்."

அது உண்மை. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி நிரூபிக்கக்கூட முடியும். ஆனால் கையெழுத்துப் போடுகிறவன் ஒரு தடவை பொய்யாகப் போட்டுவிட்டால், அதற்கு முன் போட்டதையெல்லாம் யார் நம்புவார்கள்? என் வேலையே அதுதானே, எனக்குத் தெரியாதா? அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

எங்கள் சிநேகிதம் முறியவில்லை. பெருநாளுக்கு, பொங்கலுக்கு எல்லாம் கூப்பிடுகிறான். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வாரா வாரம் விசாரிக்கிறான். பொம்மைகளும் முன்போலவே இரண்டிரண்டாக என் வீட்டுக்கு வருகின்றன. அவன் திரும்பிப் போனபின் முதல் தடவை பெட்டிகள் வந்தபோது, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"பிரிக்க வேணாம் மச்சான்" என்றான், சிரித்த முகமாகத்தான். "உன்னோடத நீ எடுத்துக்கோ. என்னோடது அப்படியே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்."

இப்போது அவன் பெட்டிகள் ஆறு, கம்பெனி ஒட்டிய டேப்போடு, என் அலமாரிக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.