தரையில் ஓடிய சிமெண்ட் பட்டை

கடலூர் முதுநகரின் கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே இருக்கிறது எங்கள் மாதா கோயில். சின்ன வயதில் எனக்குப் பூசையைவிட அந்தக் கட்டடத்தை வேவு பார்ப்பதில்தான் ஆர்வம். சிலுவையை மல்லாத்திப் போட்டது போன்ற அமைப்பு. தூண்களைக் கட்டிப்பிடித்தால் என் கைக்குப் பாதிகூட அடங்காது. சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டையும் கடுக்காயும் சேர்த்தார்கள் என்று எங்களுக்கு ஞானபாடம் சொல்லித்தரும் உபதேசியார் சொன்ன மறுநாளே, யாரும் பார்க்காதபோது சுவரை நக்கிப் பார்த்தேன். முட்டை ருசியே இல்லை.

என்னைப் பாடாய்ப் படுத்தியது தரைதான். சிலுவையின் இடது கையில்தான் நாங்களும் எங்கள் சொந்தக்காரர்களும் உட்காருவோம். பக்கவாசல் வழியாக வந்து, முழங்காலிட்டு, அதே வழியாகப் போய்விடுவோம். அந்தக் கை நடுக்கோயிலோடு சேரும் இடத்தில், கறுப்பு வெள்ளைக் கற்களை வெட்டிக்கொண்டு ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்ட் பட்டை ஓடியது. அது என்னவென்று நான் கேட்காத ஆளில்லை.

"உள்ள கரண்ட் ஒயர் போவுது" என்றாள் அம்மா.

"தரை வெடிச்சிருக்கும் பாப்பா" என்றார் உபதேசியார்.

ஆளுக்கொன்றாகச் சொன்னதால், அடியில் கல்லறை இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அம்மாவின் தம்பியான மாமாவுக்குச் சிதம்பரத்தில் வாத்தியார் வேலை கிடைத்து, கல்யாணமும் நிச்சயமானது. தாத்தா பெரிய வாசல் வழியாக வந்து, நடுவில் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார்.

"நான் எப்பவும் ஒக்கார்ற எடத்துலயே ஒக்காந்துக்கிறேன். நீ போயிக் கட்டிக்க" என்றார் தாத்தா.

"நீ வந்து தாலியத் தொட்டுக் குடுக்கலன்னா நான் கட்ட மாட்டேன்ப்பா."

எங்களில் பெற்றவர்கள் தொட்டு வாழ்த்திய பிறகுதான் தாலி ஏறும்.

கல்யாணத்தன்று தாத்தா பக்கவாசல் வழியாகவே வந்து, எப்போதும்போல இடது கையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில். சாமியார் தாலியை மந்திரித்து நீட்டினார். மாமா வாங்கவில்லை. தாத்தாவைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

தாத்தா எழுந்தார். பட்டை வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டார்.

கல்லறைக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பட்டையின் மேல் இரண்டு காலாலும் குதித்தேன். "வா தாத்தா, ஒண்ணும் ஆவாது. நான் எப்பவும் மிதிக்கிறேன்!"

தாத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்து, ஒரு காலை முழங்கால் உயரத்துக்கு எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். மறு காலையும் அப்படியே. வெறும் தரையில் அந்த நடையைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லோரும் சிரித்தோம். மாமா மட்டும் அழுதார். தாலி ஏறியது.

அந்த இடத்தில், எங்கள் சாதியை ஒதுக்கி வைக்க முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் இருந்தது. தாத்தா இளவட்டமாக இருந்தபோது அதை இடித்துச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். நான் கல்லூரிக்குப் போன பிறகு மாமா சொல்லித்தான் இது தெரியும். கேட்டபோது நெஞ்சு எரிந்தது.

கல்யாணத்தன்று பிரியாணிப் பந்தியில் தாத்தாவிடம் கேட்டேன். "ஏன் தாத்தா காலை அவ்ளோ ஒசரமா தூக்குன?"

"இடிக்கும்ல பாப்பா" என்றார்.

வெறும் தரையில் என்ன இடிக்கும் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.