வடகரையில் வெந்நீர் இல்லை

சென்னை ரயில் காலையில் தென்காசியில் இறக்கிவிட்டது. கடையநல்லூர் காதர் காரோடு வந்திருந்தார். வடகரையில் அவருடைய தென்னந்தோப்பு போர்வெல்லில் சுடுநீர் வருகிறதென்று கேள்விப்பட்டு, பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க இடம் தேடும் எங்கள் நிறுவனம் கோடையில் ஆளனுப்பி அளந்தது. அந்த ஓர் அளவை வைத்து, பூமிக்கடியில் சூடு எங்கே கிடக்கும், எந்தப் பாறை வெடிப்பு வழியாக நீர் ஏறும் என்று சென்னையில் உட்கார்ந்தபடியே மாதிரிப் படம் வரைந்தவன் நான். ஊகம்தான். அதனால் அங்கங்கே கேள்விக்குறி போட்டிருந்தேன். பார்க்க நன்றாக இல்லையாம். அலுவலகத்தில் அவற்றை அழித்துவிட்டு, வண்ணத்தில் அச்சடித்து, காதருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

"படம் வரஞ்ச சார் நீங்கதானா? ஹால்ல மாட்டிருக்கேன். கரண்டு பிளாண்டு வந்தா எனக்கும் அதுல வேலைன்னு சொன்னாவ. அதான் துபாய் விசாவ கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன்" என்றார்.



குற்றாலம் வழியாகப் போனோம். தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். நல்ல சாரல். அருவியில் குளித்து வந்தவர்கள் நடுங்கிக்கொண்டே பஜ்ஜி தின்றார்கள்.

"மேல குளிரு, அடியில சூடு. நம்ம ஊருக்கு ரெண்டும் இருக்கு சார்" என்று சிரித்தார் காதர்.

தோப்பில், முன்பு எங்கே வைத்து அளந்தார்கள் என்று கேட்டேன். பாறைமேல் நீளமாகக் கிடந்த கறுப்பு ஓஸின் முனையைப் பெருமையாகக் காட்டினார். "இங்கனதான். உச்சி வெயில்ல வந்தானுவ. மோட்டரு போட்டதும் கொதிக்கக் கொதிக்க வந்துது."

வெயிலில் காய்ந்த ஓஸுக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மடையர்கள். மோட்டாரை நெடுநேரம் ஓடவிட்டுக் கிணற்று வாயிலேயே அளந்தேன். பக்கத்துத் தோப்புத் தண்ணீரையும் அளந்தேன். இரண்டும் ஒன்றுதான், சாதாரணக் கிணற்றுத் தண்ணீர்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ரிப்போர்ட் போயாச்சு, இப்போ எதுவும் சொல்லிக் குழப்பாதீங்க" என்றார் மேலாளர். குழம்பிப்போன வாழ்க்கை என் எதிரிலேயே நின்றது. காதரிடம் உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப படத்துல செவப்பா இருக்கே சார், அது?"

"நான் நினைச்சது காதர். பார்த்தது இல்லை."

காரிலேயே திரும்பக் கூட்டி வந்தார். ஸ்டேஷனில் என் பையை எடுத்துக் கொடுத்தார். "வேற மாதிரி ஒரு படம் வரஞ்சு பாருங்க சார். அடியில எங்கனயாவது இல்லாமலா போயிரும்?"

வரைகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனிதர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.