ஒரு பக்கம் இறங்கின பாவாடை

எங்க அண்ணிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணன் பொண்டாட்டின்னு பார்க்காம நான் வாய் பேசுவேன், நாத்தனார்னு பார்க்காம அவ கத்தரிக்கோலைத் தூக்குவா. ஆனா தொழில்னு வந்துட்டா ஒரு குறை சொல்ல முடியாது. ஒத்தை மிஷினோட ஆரம்பிச்சவ, இன்னைக்குக் கடையில மூணு மிஷின் ஓடுது. பட்டன், காஜா, கொக்கி எல்லாம் என் வேலை. அண்ணன் லாரியில கிளம்பிட்டான்னா வாரக்கணக்குல வரமாட்டான். 'நூல் பிடிச்ச டெய்லர்'னாதான் தெருவுக்கே அவளைத் தெரியும். தையல் அவ்வளவு நேர். வேற யாரோ தைச்ச சட்டையோட ஒருத்தன் நடந்து போனாக்கூட, "காலரைப் பாரு, கண்றாவி"ன்னு முணுமுணுப்பா.

அவளுக்கு ஒரே பொண்ணு. பதிமூணு வயசு ஆனதும் கிடுகிடுன்னு வளர ஆரம்பிச்சா. கையும் காலும் நீளம் நீளமா, எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியாம எல்லாத்துலயும் இடிச்சுக்குவா. "அடியே, கொஞ்ச நாள் வளராம இருடி! மடிப்பு பிரிச்சே என் விரல் தேஞ்சு போச்சு"ன்னு அண்ணி திட்டுவா. எங்களுக்கு அப்ப அது சிரிப்பு.

அப்பதான் யூனிஃபார்ம் பாவாடை இடது பக்கம் இறங்க ஆரம்பிச்சது. கொஞ்சூண்டுதான். அண்ணிக்கு வந்ததே கோவம்! முதல்ல துணி மேல பழி, தண்ணியில சுருங்கிடுச்சுன்னா. அப்புறம் நான் அயர்ன் பண்ணினது சரியில்லையாம். அப்புறம் "நேரா நில்லுடி"ன்னு பொண்ணு மேல பாய்ஞ்சா. மடிப்பைப் பிரிச்சு இடது பக்கம் ஏத்தித் தைச்சா. புள்ளை போட்டுப் பார்த்தா நேரா இருந்தது. ரெண்டு மாசம் போகல, மறுபடி இறங்கிச்சு. மறுபடி ஏத்தினா. பிறகு ஒரு தோள் தாழ்ந்து தெரிஞ்சது. சட்டையில அந்தத் தோளுக்குள்ள பஞ்சு வெச்சுத் தைச்சா. "வளர்ற புள்ளைங்க கோணிக்கிட்டுதான் நிக்கும்"னு சொல்லிக்கிட்டா. யார் கேட்டாங்க அவளை?

ஒரு நாள் அந்தப் பாவாடை கொக்கி வைக்க என்கிட்ட வந்தது. மேஜையில விரிச்சு ரெண்டா மடிச்சேன். பாதியும் பாதியும் ஒட்டவே இல்லை. ஒரு பக்கம் ரெண்டு விரல் குட்டை. 

"அண்ணி, இங்க பாருங்க. துணி கோணலா இருக்கு."

"புள்ளை மேல நேராத்தானே இருக்கு?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அப்ப புள்ளை?"

கத்தரிக்கோல் பறக்கும்னு நினைச்சேன். பறக்கல. அப்படியே உக்காந்துட்டா. மூஞ்சியில ஈயாடல. "எங்க பெரியக்கா..."ன்னு இழுத்தா. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவளுக்கு ஒரு பெரியக்கா இருந்ததே எங்களுக்குத் தெரியாது. இந்த வயசுலதான் அவங்களுக்கும் முதுகு வளைய ஆரம்பிச்சுதாம். போகப் போகக் கூன் விழுந்து, மூச்சு வாங்கி, வீட்டுக்கு யார் வந்தாலும் அவங்களை உள் அறையில விட்டு வீட்டுல கதவைச் சாத்திடுவாங்களாம். "நான்தான் சாப்பாடு கொண்டு போய்க் குடுப்பேன்"ன்னா.  ஒவ்வொரு தடவையும் இந்தப் பயத்தோடதான் ஏத்தி ஏத்தித் தைச்சிருக்கா.

எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "நீங்க தைச்சு மூடினா எலும்பு நின்னுடுமா?"ன்னு கத்திட்டேன். மறுநாளே மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா புள்ளையைக் குனியச் சொன்னாங்க. குனிஞ்சா. முதுகு வலது பக்கம் மட்டும் மேடு தட்டி நின்னுச்சு. அண்ணி என் கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சு போச்சு. எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு டாக்டரம்மா நிதானமாச் சொன்னாங்க. முதுகெலும்பு ஒரு பக்கமா வளைஞ்சிருக்காம், வளர்ற வேகத்துலதான் வளைவும் ஏறுதாம். உடம்பைச் சுத்திப் பிடிக்கிற கெட்டி பிளாஸ்டிக் கவசம் ஒண்ணு, குளிக்கிற நேரம் தவிர வளர்த்தி நிக்கிற வரைக்கும் போட்டுக்கணும். மேல ஏறாமப் பிடிச்சு வைக்கப் பார்க்கலாம். அதையும் மீறி ஏறினா ஆபரேஷன்தான்.

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"ன்னு அண்ணி கேட்டா.

"கம்மியா இருக்கும்போதே பிடிச்சிருக்கலாம்மா."



கவசம் வந்ததும் பழைய யூனிஃபார்ம் எதுவும் அதுக்கு மேல ஏறல. புதுசா வெட்ட அண்ணி துணியை விரிச்சா. சாக்பீஸ் பழக்கதோஷத்துல இடது பக்கம் மேல போச்சு. பக்கத்துல நின்ன புள்ளை அந்தக் கையைப் பிடிச்சா.

"அம்மா, ரெண்டு பக்கமும் ஒரே அளவா தைம்மா."

"கோணும்டி. ஸ்கூல்ல எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். நீ சரி பண்ணிப் பண்ணித்தானே எனக்கே தெரியாமப் போச்சு. வளைவு இன்னும் ஏறுதான்னு எனக்குத் தெரியணும்மா. எனக்குப் பயமா இருக்கு."

அண்ணி அந்தச் சாக்பீஸ் கோட்டைத் தட்டி அழிச்சா. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெட்டி, ஒரே அளவு மடிச்சு, தைச்சு முடிச்சா. புள்ளையை மேஜை மேல நிக்க வெச்சா. வெச்சுட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா.

"நீ பாரு"ன்னா என்கிட்ட. "என்னால முடியாது."

டேப்பை மேஜையில ஊனி ரெண்டு பக்கமும் அளந்தேன். இடது பக்கம் இறங்கித்தான் இருந்தது.

"எவ்வளவு?"

"ரெண்டு விரல்."

அண்ணி திரும்பினா. கையில குண்டூசி டப்பா. மறுபடி ஏத்திடுவாளோன்னு எனக்குப் பக்குன்னுச்சு. கிட்ட வந்து, இறங்கின அந்த மடிப்பை ஒரு தடவை தடவிப் பார்த்தா.

"இருக்கட்டும்"ன்னா. "வாரா வாரம் இதே மேஜையில ஏறி நில்லுடி. இனிமே நானே பார்க்கிறேன்."