கையில் கொடுத்த உப்பு

பாரிஸில் இரண்டு வருடமாக அப்பா என் காதலனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் செனகல்காரன், கறுப்பன் என்பதுதான் காரணம். ஊரில் இருந்தபோது உப்பளத்து வெயிலில் கறுத்த தன் கையை ஆட்டி ஆட்டித்தான் அதைச் சொல்வார்; எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்பார். ஊரையே கேட்டுவிடலாம் என்று இந்தக் கோடையில் அவனை மரக்காணத்துக்கே அழைத்து வந்துவிட்டேன். அப்பாவும் கூடவே வந்தார், காவலுக்கு.

அன்று காலை பெரியப்பாவின் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். பெரியப்பாவிடமிருந்து வாரும் பலகையை வாங்கி இழுத்தே பார்த்துவிட்டான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தான் வாரியதில் ஒரு கை அள்ளிக்கொண்டு, வரப்பில் நின்ற அப்பாவிடம் நேராகப் போய் நீட்டினான்.

பெரியம்மா அலறினாள். "ஐயோ, உப்ப கையில குடுக்கக் கூடாதுப்பா! கீழ வை! சண்ட வரும்!"

பாரிஸ் வீட்டில்கூட அப்பா உப்பைக் கையில் வாங்கியதில்லை. மேசையில் வைத்தால்தான் எடுப்பார். இவனுக்கோ தமிழ் தெரியாது. சிரித்தபடி நீட்டிக்கொண்டே நின்றான்.

அப்பா பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா போட்டதுக்கு மேலயா அண்ணி, புதுசா ஒரு சண்ட வந்துடப்போவுது?" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார்.