ஏசுபாதம் கொடுத்த ரத்தம்

அச்சரப்பாக்கத்தில் என் டீக்கடை போன் ஒரு காலத்தில் எனக்காக அடித்ததைவிட ஏசுபாதத்துக்காக அடித்ததுதான் அதிகம். அவன் நெல் மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன்; ஓ நெகட்டிவ் ரத்தக்காரன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் யாருக்காவது அந்த ரத்தம் தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். கடித்த பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவான். "நீ இன்னா பால் பூத்தாடா?" என்று திட்டுவேன். சிரிப்பான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்துபோகிறது.

அப்படிப் பிழைத்தவள்தான் கண்ணகி. தலைப்பிரசவத்தில் ரத்தம் கொட்டிப்போனது. அவளுக்கும் அதே ஓ நெகட்டிவ்தான். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாதவள், "உன் ரத்தம் என் ஒடம்புல ஓடுது, இனிமே நீதான் என் அண்ணாத்த" என்று இவனைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகனுக்குக் காது குத்தியபோது, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஏசுபாதம் தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிள்ளையைவிட இவன்தான் அதிகம் அழுதான். பந்தியில் பாயாசம் ஊற்றியது நான். எவ்வளவு நல்ல நாள் அது!

போன மாசியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் அவன் வண்டி மீது பஸ் மோதிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். ரத்தம் இருப்பில் இல்லை. ஓ நெகட்டிவ்காரன் அவசரத்துக்கு யாருக்கும் கொடுக்கலாம், அவனுக்கு மட்டும் ஓ நெகட்டிவைத் தவிர வேறு எதுவும் சேராதாம். இது என்ன நியாயம் என்று எனக்கு ஆத்திரம்.

செய்தி கேட்டு, அவனிடம் ரத்தம் வாங்கியவர்கள் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். "அவரு ரத்தம்தான் எங்களாண்ட கீது, எடுத்துக்கோங்க" என்று ஒரே கூச்சல். பரிசோதித்தால் ஒருவருக்கு பி பாசிட்டிவ், இன்னொருவருக்கு ஓ பாசிட்டிவ். எதுவும் சேரவில்லை.

கண்ணகி மட்டும் தூணோரம் ஒதுங்கி நின்றாள்.

"உனுக்கும் அதே ரத்தம்தானே? இன்னா வேடிக்க பாத்துகினு கீற?" என்று கத்தினேன்.

"தானமா குடுத்தத திருப்பி வாங்குனா, குடுத்தவங்களுக்கு ஆவாதும்பாங்க பாய். அண்ணாத்தைக்கு எதனா ஆயிட்டா?"

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் சிநேகா அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, அவரு குடுத்த ரத்தம் சில மாசத்துலயே ஒடம்புல அழிஞ்சிருக்கும். இப்ப ஓடறது முழுக்க உங்க சொந்த ரத்தம். தைரியமா குடுங்க."

கண்ணகி மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்தாள். ஊசி ஏறியதும் கண்ணில் நீர் மளமளவென்று கொட்டியது.

"வலிக்குதாம்மா?" என்றேன்.

"அவரு ரத்தம் எங்கிட்ட இல்லியாமே பாய். அப்ப இத்தினி வருசமா நான் அவருக்கு யாரு?"

 

சோதனையெல்லாம் முடிந்து சாயங்காலம் அவள் ரத்தம் ஏசுபாதத்துக்கு ஏறியது. மறுநாள் அவன் கண் விழித்ததும், கண்ணகிதான் ரத்தம் கொடுத்தாள் என்று சொன்னேன். எழுந்திருக்கப் பார்த்தான்.

"அய்யோ, தங்கச்சி எதனா சாப்ட்டுச்சா?"