முப்பது கிலோ குடமிளகாய்

பிரிலெப் ஊர்ப் புகையிலை ஆலைக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருக்கும் ட்ராயங்காவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். போலீஸ் ஊரார் போனையெல்லாம் ஒட்டுக்கேட்டது செய்தியில் வந்ததிலிருந்து கடையில் தினமும் பட்டிமன்றம்தான்.

"நம்மகிட்ட ஒளிக்க என்னக்கா இருக்கு? திருடன் மாட்டினாச் சரி, கேட்டுட்டுப் போகட்டுமே" என்றான் தபால்காரன் வெலே.

"அப்படின்னா உன் குளியலறைக் கதவைக் கழட்டிக் கொண்டாடா. எனக்கு அடுப்புக்காவது ஆகும்."

அந்தப் பதிவுகளை என்ன செய்யலாம் என்று கருத்துக்கணிப்புக்கு வந்த பெண்ணிடமும் அதே வேகம். "பதிவு எல்லாத்தையும் அழிக்கணும். பெருசா எழுதிக்கோம்மா."

மறுவாரம் போலீஸிடமிருந்து கடிதம் வந்தது. கணவன் ரிஸ்தோ ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தபோது இவர்கள் போனையும் கேட்டிருக்கிறார்கள். பதிவை நேரில் வந்து கேட்கலாம். பிறகு அழிக்கச் சொல்லலாம், அல்லது அவர்களிடமே விட்டுவைத்து வேண்டும்போது வந்து கேட்கலாம். ரிஸ்தோ போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அவன் குரல் அவளிடம் ஒரு துண்டுகூட இல்லை. கடையில் பேசிய பேச்சையெல்லாம் விழுங்கிவிட்டு, விட்டுவைக்கச் சொல்லும் முடிவோடுதான் பஸ் ஏறினாள்.

போலீஸ் அலுவலகத்தில் ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதந்தது. நரைமீசை அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். கோப்பின் ஓரத்தில் சிவப்பு மையில் 'குடமிளகாய் - சங்கேதமா?' என்றிருந்தது. குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கச் செப்டம்பரில் ஊரே மூட்டை மூட்டையாகக் குடமிளகாய் சுடுவது இந்தப் புத்திசாலிகளுக்குத் தெரியாதா என்ன! அதிகாரி பதிவை ஓடவிட்டார்.

"ட்ராயா..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுவர்கள் கரைந்தன. சுட்ட தோலின் வாசம், பால்கனியில் புகை, புகைக்கு நடுவே சட்டைக் கையை மடித்துவிட்ட ரிஸ்தோ. கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"முப்பது கிலோ குடமிளகாய் வாங்கிட்டேன்டி. சுடத்தான் ஆள் வேணும். உங்கம்மாவை வரச்சொல்லு..."

அதிகாரி சிரித்துவிட்டார். ரிஸ்தோ இன்னும் முடிக்கவே இல்லை.

"...அவங்க ஒரு மூச்சு விட்டாப் போதும், அடுப்பே வேண்டாம்."

ட்ராயங்கா கண்ணைத் திறந்தாள். "எத்தனை தடவை கேட்டிருக்கீங்க?"

அவர் முகம் சிவந்தது. "வேலைம்மா அது. அப்புறம்... மனசு சரியில்லைன்னா இதை மட்டும் போட்டுக் கேட்போம்."

நாலு வருஷம் அவள் ஏங்கிக் கிடந்த குரல் இவர்களுக்குப் பொழுதுபோக்காம்.

"இன்னொரு தடவை போடுங்க. நீங்க வெளியில நில்லுங்க."

தனியாகக் கேட்டு முடித்தாள். பிறகு 'அழிக்கவும்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.