பாமாயில் மரத்தின் பன்னிரண்டாவது மட்டை

ஐஸ் பெட்டி

"மீனுன்னா லக்கேஜ் போடணும்" என்று கண்டக்டர் என் பெட்டியைக் காலால் தட்டினார். ஆராய்ச்சிக்கு இலை சுமப்பவன் பஸ்ஸில் முதலில் நிரூபிக்க வேண்டியது, தான் மீன் வியாபாரி இல்லை என்பதை. சாம்பிள் சுமந்திருந்தால் உங்களுக்கும் இது நேர்ந்திருக்கும்.

மூடியைத் திறந்தேன். கறுப்புத் தாளில் சுற்றிய இலை, சுற்றிலும் ஐஸ். ரேஷன் கடைப் பாமாயில் வருகிற மரத்தின் இலை இது, வத்திராயிருப்புத் தோட்டத்தில் வெட்டி ராஜபாளையத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறேன், இதில் வைட்டமின் இ இருக்கிறது, வெயிலும் சூடும் பட்டால் போய்விடும் என்றேன். அவர் லக்கேஜ் போடவில்லை.

"சீட்டுக்கடியில தள்ளி வையி. இலைக்கு ஐஸ் வைக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்கேன்."

செல்லையா அண்ணனின் சந்தேகம்

ஆய்வகத்தில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இலையை அரைப்போம். சாற்றிலிருந்து வேண்டியதைப் பிரித்து மருந்து சேர்த்தால் சிவக்கும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு வைட்டமின். எண்ணெயில் சிக்கு வாடை ஏறாமல் காக்கும் வேறு பொருள்களும் அந்த இலையில் இருந்தன. அட்டெண்டர் செல்லையா அண்ணனுக்கு அரைக்கிற வேலை கிடையாது. என் கை சோர்ந்ததும் கேட்காமலே குழவியை வாங்கிக்கொள்வார். ஒருநாள் பாதியில் நிறுத்தினார்.

"இம்புட்டுச் சத்தும் இலையிலயே இருக்குன்னா, பழத்த எதுக்குத் தம்பி ஆட்டுதானுவ?"

சருகு

ஒரே மரம், மாதம் ஒரு மட்டை, பன்னிரண்டு மாதம். ஒரு மாதம் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். எனக்கோ ஆய்வகத்தில் அந்தப் பன்னிரண்டாவது மாதந்தான் கடைசி.

பன்னிரண்டாவது மட்டைக்காகப் போனபோது, தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பேச்சியம்மாள் அக்கா ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே சருகு. தூசி இல்லாமல் துடைத்து, ஈர்க்கு நீக்கி, கட்டுக்கட்டாக. அந்தப் பக்கத்தில் மருந்துக்கு இலை கேட்டால் காயவைத்துத்தான் கொடுப்பார்கள்.

"பச்சையாத் தூக்கிட்டுப் போயிச் சங்கடப்படுதியேன்னு, இந்த மாசத்து மட்டைய முன்னாலயே வெட்டி, நாலு நாளா வெயில்ல போட்டுக் கிளறிக் கிளறிக் காயவச்சேன் தம்பி."

அடுத்த மட்டை

பையை வாங்கிக்கொண்டு கிளம்பத்தான் நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, ஆகாதா?" என்றார். வெயில் பட்ட இலையில் நான் தேடுகிற சத்து இருக்காது என்று சொல்லிவிட்டேன்.

அவர் வீட்டுக்காரர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். மழை பொய்த்த வருஷம். பச்சை மட்டைகள் குறைவு, எடுக்கக்கூடிய அடுத்த மட்டை ஒரு காய்க்குலையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, அத வெட்டினா குலை சூம்பிப் போயிரும்."

"காயப்போட்டது நாந்தான?" என்றபடி அக்கா கம்பில் கட்டிய அரிவாளை எடுத்தார்.

மட்டை சரசரவென்று இறங்கியது. நுனி, நடு, அடி என்று இலைகளை நறுக்கித் தரையில் கறுப்புத் தாளை விரித்தேன். மரத்தின் இந்தப் பக்கம் நல்ல காலை வெயில். அக்கா அரிவாளைச் சாய்த்து வைத்துவிட்டு எனக்குக் கிழக்கே வந்து நின்றார். அவர் நிழல் இலைகளின் மேல் விழுந்தது. நான் இலைகளைத் தாளில் சுற்றி நூல் கட்டி முடிக்கிறவரை அவர் அங்கிருந்து நகரவில்லை.